சென்னைக்கு வருவோர் எங்கே உண்பது?

சென்னை மாநகருக்குப் பயணம் புறப்படும் குடும்பத்தார், அங்கே வாழும் உறவினரிடமும் நண்பரிடமும் தவறாது கேட்கும் வினா ஒன்று உண்டு. "அங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்பதே அது. கேட்பவர் கவலையோடு கேட்கிறார். விடையளிப்பவரோ பெரும்பாலும் விளையாட்டாகச் சொல்லிவிடுகிறார். தாம் எப்போதோ உண்ட ஒரு பெரிய உணவகத்தின் பெயரையோ, விளம்பரத்தில் கண்ட பெயரையோ கூறிவிட்டு, அத்துடன் கடமை முடிந்ததென எண்ணிக்கொள்கிறார். அப்பெயரை நம்பிச் செல்லும் குடும்பம் குளிரூட்டிய அறையில் அமர்கிறது. விலைப்பட்டியலைக் கண்டு திகைக்கிறது. குழந்தைகளுக்கு மட்டும் ஏதேனும் வாங்கிக் கொடுத்துவிட்டு, பெரியவர்கள் ஒரு காப்பியோடு எழுந்து வருவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

நம் பங்குகளிலிருந்து சென்னைக்குச் செல்வோர் எல்லாரும் உல்லாசப் பயணிகள் அல்லர். அப்போஸ்தலர் தோமாவின் கல்லறையைத் தரிசிக்கச் செல்வோர் உண்டு. கல்லூரியில் மகளைச் சேர்க்கச் செல்லும் தந்தை உண்டு. நேர்முகத் தேர்வுக்கு முதன்முறையாகச் செல்லும் இளைஞன் உண்டு. அரசு பொது மருத்துவமனையின் வாயிலில் நோயாளியோடு காத்துக் கிடப்போர் உண்டு. இவர்கள் ஒவ்வொருவருக்கும் வயிறு ஒன்றுதான். ஆயினும் தேவை வேறு, கைப்பொருள் வேறு, கிடைக்கும் நேரமும் வேறு. எனவே ஓர் உணவகத்தைப் பரிந்துரைப்பது ஒருவகை விருந்தோம்பலே ஆகும். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நம் வீட்டில் இலை போட இயலாதபோது, யாருடைய இலைக்கு நம் விருந்தினரை அனுப்புகிறோம் என்பதில் கவனம் வேண்டாமா?

முதலில் கேட்க வேண்டியவை

உணவகத்தின் பெயரைச் சொல்லுமுன் விருந்தினரிடம் நாம் நான்கு செய்திகளைக் கேட்டறிதல் நலம்.

முதலாவது, உடன் வருவோர் யார்? முதியவர் இருப்பின் மாடிப்படி ஏறும் உணவகமோ, நின்றுகொண்டே உண்ணும் கடையோ ஆகாது. சர்க்கரை நோயுள்ளவர் வரிசையில் ஒரு மணி நேரம் காத்திருக்க இயலாது. இரண்டாவது, எவ்வளவு செலவிட முடியும்? இதனை நேரே கேட்கக் கூச்சமாக இருந்தால், ஒரு வேளைக்கு ஆகக்கூடிய செலவைத் தோராயமாகச் சொல்லிவிட்டு, அவர் முகத்தைக் கண்டு அறிந்துகொள்ளலாம். மூன்றாவது, எந்த இடத்தில் தங்குகிறார், எந்த நேரத்தில் எங்கிருப்பார்? எத்துணைச் சிறந்த உணவாயினும் அதற்கென நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஆட்டோவில் செல்வது அறிவுடைமை ஆகாது. நான்காவது, அவர் எதை உண்ண விரும்புகிறார்? தம் ஊரில் கிடைக்காததைச் சுவைக்க விரும்புகிறாரா, அல்லது வீட்டுச் சாப்பாடு போல் வயிற்றைக் கெடுக்காத ஒன்றை நாடுகிறாரா? மருத்துவமனைக்கு வந்தவரிடம் பிரியாணியின் பெருமையைப் பேசிப் பயனில்லை.

இந்நான்கையும் அறிந்தபின் சொல்லப்படும் ஒரு பெயர், அறியாது சொல்லப்படும் பத்துப் பெயர்களைவிட மேலானது.

வந்தோர் வளர்த்த சுவை

சென்னையின் உணவகங்களைப் பற்றிப் பேசுமுன் ஓர் உண்மையை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும். இந்நகரின் புகழ்பெற்ற உணவகங்களுள் மிகப் பல, வெளியூரிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்களால் தொடங்கப்பட்டவை. உடுப்பிப் பகுதியிலிருந்து வந்த கே. கிருஷ்ணராவ் 1938-இல் இராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் உணவகத்தை நிறுவினார். தோசையும் சாம்பாரும் தூய்மையான மேசையில், சாதி வேறுபாடு இன்றி யாவருக்கும் கிடைக்கும் பழக்கம் இந்நகரில் வேரூன்றியதில் உடுப்பி உணவகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கதீட்ரல் சாலையில் மரநிழலில் காரிலேயே அமர்ந்து உண்ணும் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962 முதல் 2008 வரை நடைபெற்றது. அவ்விடத்தில் இன்று செம்மொழிப் பூங்கா உள்ளது. பழைய நினைவில் அவ்வுணவகத்தைத் தேடி வருவோர் இதனை அறிந்து வருதல் நன்று.

திருவல்லிக்கேணியின் ரத்னா கபேயை 1948-இல் தொடங்கியவர் வட இந்தியாவிலிருந்து வந்தவர். அண்ணா சாலையில் 1951-இல் புகாரி உணவகத்தைத் திறந்த ஏ. எம். புகாரி, அதற்குமுன் கொழும்பில் உணவகம் நடத்திப் பட்டறிவு பெற்றவர். சேப்பாக்கத்தின் நாயர் மெஸ் மலையாள நாட்டின் சுவையைக் கொணர்ந்தது. பர்மாவிலிருந்து உடைமை இழந்து திரும்பியோர் கடற்கரைத் தெருக்களில் அத்தோ விற்றனர். இவை யாவற்றுக்கும் முன்னரே, போர்த்துக்கீசியர் இந்தியாவிற்குக் கொணர்ந்த மிளகாய் நம் குழம்புச் சட்டியில் குடியேறி, நம்முடையதே போல் ஆகிவிட்டது.

ஆகவே, சென்னையில் உணவகம் தேடும் வெளியூர்வாசி தம்மை அந்நியராக எண்ணத் தேவையில்லை. ஒரு காலத்தில் தம்மைப் போலவே பெட்டியும் படுக்கையுமாக இந்நகருக்கு வந்து இறங்கிய ஒருவரின் இலையில்தான் அவர் உண்ணப் போகிறார்.

இனி, நம் குடும்பங்கள் பெரும்பாலும் செல்லும் இடங்களையொட்டியே உணவகங்களைக் கூறுவோம்.

சாந்தோமும் மயிலையும்

சாந்தோம் பேராலயத்தின் இன்றைய கோதிக் கட்டடம் 1896-இல் அர்ச்சிக்கப்பட்டது. 1956-இல் அது பசிலிக்கா என்னும் சிறப்பைப் பெற்றது. காலைத் திருப்பலி கண்டு வெளியே வருவோர்க்குப் பசி எடுக்கும் நேரமும், மயிலாப்பூரின் சிற்றுண்டிக் கடைகள் சூடாக இயங்கும் நேரமும் ஒன்றே. பேராலயத்தின் அருகிலிருந்து கச்சேரி சாலை வழியே மேற்கு நோக்கி நடந்தால் மயிலாப்பூரின் நடுவிடத்தை அடையலாம். வெயில் ஏறுமுன் நடப்பதற்கு உகந்த தொலைவுதான்.

அச்சாலையிலிருந்து பிரியும் அருண்டேல் தெருவில் ராயர் மெஸ் உள்ளது. பெயர்ப்பலகையைத் தேடி ஏமாறாதீர்கள். அக்கம்பக்கத்தில் எவரைக் கேட்பினும் வழி காட்டுவர். இடம் மிகச் சிறியது. ஒரு பந்தி எழுந்த பின்னரே அடுத்த பந்திக்கு இடம் உண்டு. இட்லி, பொங்கல், வடை, இவற்றோடு கெட்டிச் சட்டினி என்பதே அதன் புகழ். பல தலைமுறையாக ஒரே குடும்பத்தார் நடத்தி வருகின்றனர். இங்கே செல்வோர் மூவர் நால்வராகச் செல்லுதல் நலம். பேருந்து நிறைய வந்த பங்கு மக்களை ஒருசேர அங்கே அனுப்புதல் கூடாது. காத்திருப்போர்க்கும் தொல்லை, பரிமாறுவோர்க்கும் தொல்லை. பெருங்கூட்டமாக வருவோர்க்கு, பல கிளைகளோடு விசாலமான கூடங்களில் இயங்கும் சைவ உணவகங்களே ஏற்றவை. 1981-இல் கலைஞர் கருணாநிதி நகரில் தொடங்கப்பட்ட சரவண பவனும், அதன்பின் எழுந்த அதுபோன்ற பிறவும் அவ்வகையின. அங்கே விலை சற்றுக் கூடுதல். ஆனால் கழிப்பறை வசதி, குடிநீர், விரைவான பரிமாறுதல் ஆகியவை உறுதியாகக் கிடைக்கும். குழந்தைகளோடும் முதியவரோடும் பயணம் செய்வோர்க்கு இவை சிறிய செய்திகள் அல்ல.

கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் மாலையில் நடப்பது கண்ணுக்கும் நாவுக்கும் விருந்து. செய்தித்தாள் கடையாக 1927-இல் தொடங்கிய காளத்திக் கடையின் ரோஸ் மில்க் இன்று அக்கடையின் செய்தித்தாள்களைவிடப் புகழ் பெற்றுவிட்டது. அப்பகுதியிலுள்ள கற்பகாம்பாள் மெஸ் அடை, அவியல் போன்றவற்றிற்குப் பெயர் பெற்றது. தவக்கால வெள்ளிக்கிழமையில் சாந்தோமுக்கு வரும் குடும்பத்தார் புலால் தவிர்க்க எண்ணி அலைய வேண்டியதில்லை. மயிலையில் அவர்களுக்குத் தடையின்றி உணவு உண்டு.

கடலின் விருந்து

கடற்கரை நகருக்கு வந்து மீன் உண்ணாமல் திரும்புவதா என்று கேட்போர் பலர். அவர்கள் கேட்பது நியாயமே. ஆயினும் கடலுக்கும் ஒரு நாட்காட்டி உண்டு என்பதை அவர்கள் அறிதல் வேண்டும். மீன்கள் இனம் பெருகும் பொருட்டு, கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உள்ளது. பள்ளி விடுமுறையும் அதே காலத்தில்தான் வருகிறது. அந்நாட்களில் சிறு படகுகள் கொணரும் மீனே உள்ளூர் மீன். எஞ்சியது பிற கடற்கரைகளிலிருந்து பனிக்கட்டியில் வருவது. அதனால் விலை ஏறும். பெரிய வஞ்சிரம் அரிதாகும். அப்போது வஞ்சிரம்தான் வேண்டுமெனப் பிடிவாதம் செய்யாமல், அன்றன்று கரைக்கு வரும் சிறு மீன்களைக் கேட்டு உண்பதே சிக்கனமும் சுவையும் ஆகும். நெத்திலியும் சங்கராவும் கிழங்கானும் வஞ்சிரத்திற்கு எவ்வகையிலும் தாழ்ந்தவை அல்ல.

சாந்தோமுக்கு அண்மையில், மெரினா வளைவுச் சாலையில், நொச்சிக்குப்பத்து மீனவப் பெண்கள் நெடுங்காலமாகச் சாலையோரத்தில் மீன் விற்று வந்தனர். 2024-இல் அங்கே அவர்களுக்கென மீன் அங்காடி ஒன்று திறக்கப்பட்டது. சமைக்க அடுப்புள்ள வீட்டில் தங்கும் விருந்தினருக்கு நாம் சொல்லக்கூடிய மிக நல்ல யோசனை, அங்கே சென்று மீன் வாங்கிவந்து சமைத்து உண்பதே. கண் தெளிந்திருக்கிறதா, செவுள் சிவந்திருக்கிறதா, விரலால் அழுத்தினால் சதை மீண்டெழுகிறதா என்று பார்த்து வாங்குவது நம் தாய்மார்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டிய கலை அன்று.

மெரினாவிலும், பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் மாலை வேளையில் மீன் வறுவல் கடைகள் வரிசையாக எழும். மசாலா பூசிய மீன்களை முன்னே அடுக்கி வைத்து, கேட்டதை எடுத்துக் கண்ணெதிரே பொரித்துத் தருவர். இக்கடைகளை நடத்துவோருள் பலர் மீனவக் குடும்பத்துப் பெண்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அடித்தபின், கடல் மீனை உண்ண மக்கள் அஞ்சினர். அலையில் உறவும் படகும் இழந்தவர்கள், எஞ்சிய மீனையும் விற்க முடியாமல் தவித்த நாட்கள் அவை. அக்குடும்பங்களிடம் ஒரு தட்டு மீன் வாங்கி உண்பது வெறும் நாச்சுவைக்காக மட்டும் அன்று. ஆயினும் பரிவு என்பதற்காக எச்சரிக்கையை விட்டுவிடுதல் ஆகாது. எண்ணெய் கறுத்திருந்தாலோ, மசாலாவின் சிவப்பு கண்ணைப் பறித்தாலோ அடுத்த கடைக்குச் செல்லுங்கள். மீனைச் சுட்டிக்காட்டி விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். முன்பே பொரித்து வைத்ததை மறுபடி சூடாக்கித் தருவதை ஏற்காதீர்கள். கடற்கரையின் சுண்டலைப் பற்றித் தனியே கூற வேண்டியதில்லை. பட்டாணியும் தேங்காயும் மாங்காயும் கலந்த அந்தப் பொட்டலம், சர்க்கரை நோயாளியும் அளவோடு அஞ்சாமல் உண்ணத்தக்கது.

சேப்பாக்கமும் அண்ணா சாலையும்

அரசு அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகத்திற்கும் வருவோர் பெரும்பாலும் சேப்பாக்கம், திருவல்லிக்கேணிப் பகுதிகளில் நண்பகலைக் கழிப்பர். கிரிக்கெட் மைதானத்திற்கு அண்மையில், ஒரு சந்தில் அமைந்துள்ளது நாயர் மெஸ். மதியச் சாப்பாட்டோடு மீன் குழம்பும் மீன் வறுவலும் இங்கே புகழ் பெற்றவை. அலுவலர், மாணவர், பத்திரிகையாளர் என எல்லாரும் ஒரே மேசையில் நெருக்கியடித்து அமர்ந்து உண்பர். அலங்காரம் எதிர்பார்த்துச் செல்லாதீர்கள். பகல் ஒரு மணிக்கு மேல் கூட்டம் மிகும். சற்று முன்னரே செல்வது நன்று.

திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையின் ரத்னா கபேயில் சாம்பார் இட்லியே தலைமை. இட்லி மூழ்குமளவு சாம்பாரை ஊற்றுவதுடன் நில்லாமல், கேட்குந்தோறும் மேலும் ஊற்றுவர். பல்லில்லாத பாட்டியும் பால் மறந்த குழந்தையும் ஒருங்கே உண்ணக்கூடிய உணவு அது. பயணத்தில் மூன்று தலைமுறையும் உடன் வந்தால் இவ்விடத்தை நாம் தயங்காமல் சொல்லலாம்.

பிரியாணி விரும்பும் இளைஞருக்கு அண்ணா சாலையின் புகாரி உண்டு. சிக்கன் 65 என்னும் பண்டம் 1965-இல் அங்கே தோன்றியதாக அவ்வுணவகத்தார் கூறுவர். பெயர்க்காரணம் பற்றிப் பலர் பல கதை சொல்வதுண்டு. கதை எதுவாயினும், இன்று நம் சிற்றூர்களின் தள்ளுவண்டிவரை அப்பண்டம் பரவிவிட்டது. இராயப்பேட்டை, திருவல்லிக்கேணித் தெருக்களில் இஸ்லாமியச் சகோதரர்கள் திருமண விருந்துக்குச் செய்வதுபோல் தேக்சாவில் தம் போட்டு இறக்கும் பிரியாணிக் கடைகள் பல உண்டு. அவற்றில் மதியத்திலேயே தீர்ந்துவிடும் கடையே நல்ல கடை. இரவுவரை அதே தேக்சாவிலிருந்து எடுத்துத் தரும் கடையைத் தவிர்க்கலாம்.

அர்மீனியன் தெருவும் பாரிமுனையும்

செவ்வாய்க்கிழமை தோறும் அர்மீனியன் தெருவிலுள்ள புனித அந்தோனியார் திருத்தலத்தில் மக்கள் வெள்ளமாய்த் திரள்வர். வேற்றுச் சமயத்தாரும் அவருள் பலர். அவ்வழிபாட்டுக்கு வருவோர்க்கு மாலையில் இரு புறத்திலும் இருவேறு உலகங்கள் திறந்திருக்கின்றன.

ஒருபுறம், கடற்கரை இரயில் நிலையத்தை அடுத்த தெருக்களில் பர்மா உணவு. 1962-இல் பர்மாவில் இராணுவ ஆட்சி ஏற்பட்டபின் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாக்கப்பட்டன. பல தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர் பெருந்தொகையினர் தம் உடைமைகளை விட்டுவிட்டுக் கப்பலேறித் தாயகம் திரும்பினர். அவர்கள் பிழைப்புக்கென 1969-இல் உருவானதே பர்மா பஜார். அவர்களோடு வந்த உணவு அத்தோ. செம்மஞ்சள் நிறச் சேமியா போன்ற நூடுல்சோடு முட்டைக்கோசு, வெங்காயம், புளிநீர், பூண்டு வதக்கிய எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கையாலேயே பிசைந்து தருவர். உடன் வாழைத்தண்டுச் சூப்பும் கிடைக்கும். மொயிங்கா என்பது குழம்பாக ஊற்றித் தரப்படும் மற்றொரு வகை. உண்டு பழகாதவர் முதலில் ஒரு தட்டு வாங்கி இருவராகப் பகிர்ந்து சுவைப்பது நலம். கையேந்தி பவன் என நகரத்தார் நகைச்சுவையாக அழைக்கும் இத்தெருவோரக் கடைகளில் நின்றுதான் உண்ண வேண்டும் என்பதால் முதியவருக்கு ஏற்றதன்று. ஆனால் வளரும் பிள்ளைகளுக்கு அங்கே ஓர் வரலாற்றுப் பாடம் உண்டு. எல்லாம் இழந்து வந்தவர்கள் கை நீட்டி இரக்காமல், தாம் அறிந்த சமையலைக் கொண்டு தலைநிமிர்ந்த கதையை அக்கடையின் முன் நின்று சொல்லலாம்.

மறுபுறம் சௌகார்பேட்டை. இராஜஸ்தான், குஜராத் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய வணிகர் வாழும் இடம். தங்கச்சாலைத் தெருவில் ஜிலேபியும் கச்சோரியும் லஸ்ஸியும் கிடைக்கும். நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையில் சீனா பாய் கடையில் மாலையில் மட்டும் நெய்யும் பொடியும் தோய்ந்த இட்லியும் ஊத்தப்பமும் உண்டு. நம் இட்லியை வட நாட்டார் நாவுக்கேற்ப மாற்றிய கைவண்ணம் அது. நெய் மிகுதி, ஒன்றோடு நிறுத்திக்கொள்வது உடலுக்கு நல்லது.

பெசன்ட் நகரும் பரங்கிமலையும்

பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணி ஆலயத்தில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறி, செப்டம்பர் 8 அன்று பெருவிழா நிறைவுறும். அந்நாட்களில் நடைப்பயணமாக வருவோர் தொகை மிகப் பெரிது. விழாக் கடைகளில் கிடைப்பதை உண்பதைவிட, சற்று உள்ளே தள்ளியுள்ள தெருக்களின் நிலையான உணவகங்களுக்குச் செல்வது நலம். மற்ற நாட்களில் அங்கே இட்லிக் கடைகளும் கடற்கரை மீன் கடைகளும் போதும். பரங்கிமலைக்குச் செல்வோர் படியேறுமுன் வயிறு நிறைய உண்ணாமல், தண்ணீரும் பழமும் மட்டும் கொண்டு சென்று, இறங்கிய பின்னர் உண்பதே முறை.

மருத்துவமனை வாயிலில்

இனிக் கூறப்போவது சுவையைப் பற்றியதன்று. சென்டிரல் இரயில் நிலையத்திற்கு எதிரே உள்ள இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கும், இராயபுரத்துக்கு அருகே உள்ள ஸ்டான்லி மருத்துவமனைக்கும் தமிழகம் முழுவதிலுமிருந்து நோயாளிகள் வருகின்றனர். நோயாளிக்கு மருத்துவமனையில் உணவு உண்டு. உடன் வந்தவருக்கு இல்லை. எத்தனை நாள் தங்க நேரும் என அறியாத அம்மனிதர், கையிலுள்ள பணத்தை மருந்துக்கு ஒதுக்கித் தாம் பட்டினி கிடக்கிறார். அவரே "எங்கே உண்பது?" என்று உண்மையான கலக்கத்தோடு கேட்பவர். ஆனால் அவர் பெரும்பாலும் வாய் திறந்து கேட்பதில்லை.

2013-இல் சென்னை மாநகராட்சி தொடங்கிய அம்மா உணவகங்கள் இவருக்கெனவே அமைந்தவை எனலாம். தொடங்கியபோது இட்லி ஒன்று 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர்ச் சாதம் 3 ரூபாய் என விலை வைக்கப்பட்டது. பெரிய அரசு மருத்துவமனை வளாகங்களிலும் அவை அமைக்கப்பட்டன. சமைப்பவரும் பரிமாறுபவரும் மகளிர் சுயஉதவிக் குழுவினர். இத்தகைய இடங்களைச் சொல்ல நம்மில் சிலர் வெட்கப்படுகின்றனர். மலிவான இடத்தைச் சொன்னால் விருந்தினர் தம்மைத் தாழ்வாக நினைப்பாரோ என அஞ்சுகின்றனர். பசித்தவருக்கு வெட்கம் தோன்றாதபடி, "நாமும் அங்கே உண்போம், வாருங்கள்" என்று உடன் அழைத்துச் சென்று ஒரு வேளை அமர்ந்து உண்பதே அதற்கு மருந்து.

இன்னுமொன்று. மருத்துவமனைக்கு வந்த குடும்பத்துக்கு எத்துணை நல்ல உணவகமும் பத்து நாட்களில் சலித்துவிடும். வாரத்தில் ஒரு நாள் ஒரு தூக்குப் பாத்திரத்தில் மிளகு இரசமும் சோறும் ஒரு கூட்டும் நம் வீட்டிலிருந்து சென்றால், அதற்கு இணையான பரிந்துரை வேறில்லை. சென்னைப் பங்குகளின் அன்பியங்கள் இதனை முறைவைத்துச் செய்யலாம்.

நல்ல கடையை அறிவது எவ்வாறு?

நாம் சொன்ன பெயர்கள் யாவும் விருந்தினர் செல்லும் வழியில் அமையும் எனச் சொல்ல முடியாது. அப்போது தாமே தேர்ந்துகொள்ள உதவும் சில குறிப்புகளை அவர்களுக்குச் சொல்லி அனுப்புவோம்.

உள்ளூர்க்காரர் கூட்டம் கூடுகிறதா எனப் பாருங்கள். ஆட்டோ ஓட்டுநரும் அலுவலக ஊழியரும் நாள்தோறும் உண்ணும் கடை, பெரும்பாலும் வயிற்றைக் கெடுப்பதில்லை. கூட்டம் விரைந்து மாறும் கடையில் பழைய உணவு தங்காது. அரசு உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் கடையில் தென்படுகிறதா எனக் கவனியுங்கள். விலைப்பட்டியல் இல்லாத இடத்தில் அமருமுன் விலையைக் கேளுங்கள். அளவுச் சாப்பாட்டுக்கும் முழுச் சாப்பாட்டுக்கும் வேறுபாடு அறிந்து சீட்டு வாங்குங்கள்; குறைவாக உண்போர்க்கு அளவுச் சாப்பாடே போதும். காலைச் சிற்றுண்டியைப் பத்து மணிக்குள்ளும், மதிய உணவை இரண்டு மணிக்குள்ளும் முடித்துக்கொள்ளுங்கள். பிந்திச் செல்வோர்க்கு ஆறியதும் எஞ்சியதுமே கிடைக்கும். காய்ச்சி ஆறிய நீரை உடன் எடுத்துச் செல்லுங்கள். வெயிற்காலத்தில் வெட்டி வைத்த பழங்களையும் ஐஸ் இட்ட பானங்களையும் தவிர்த்து, இளநீரை நாடுங்கள்.

பரிந்துரைப்பவரின் பொறுப்பு

பரிந்துரைப்பவருக்கும் சில நெறிகள் உண்டு. நாமே உண்டறியாத இடத்தைச் சொல்லுதல் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் உண்ட இடமாயின், அது இன்னும் நடைபெறுகிறதா, சுவையும் தூய்மையும் அவ்வாறே உள்ளனவா என்று விசாரித்த பின்னரே சொல்ல வேண்டும். நம் பெருமையைக் காட்டும் இடத்தை விடுத்து விருந்தினரின் தேவைக்கேற்ற இடத்தைச் சொல்ல வேண்டும். ஒரு கடையின் குறையும் தெரிந்திருந்தால் அதனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "சுவை நன்று, ஆனால் காத்திருக்க வேண்டும்" என்றோ, "மலிவு, ஆனால் நின்று உண்ண வேண்டும்" என்றோ கூறிவிட்டால், செல்பவர் மனம் அதற்கேற்ப ஆயத்தமாகும். உண்டு திரும்பியவரிடம் "எப்படி இருந்தது?" என்று கேட்பதும் நம் கடமை. அவர் மறுமொழி அடுத்து வரும் விருந்தினருக்குப் பயன்படும்.

உயிர்த்த ஆண்டவர் இரவெல்லாம் வலைவீசிக் களைத்த சீடர்களைக் கடற்கரையில் சந்தித்தபோது, கரி நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்திருந்தார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. பேதுருவிடம் பெரிய பொறுப்பைப் பற்றிப் பேசியது அதன் பிறகே. முதலில் அவர்கள் பசியைத் தீர்த்தார். களைத்து வருபவருக்கு முதலில் வேண்டியது எது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அடுத்த முறை உங்கள் ஊரிலிருந்து ஒருவர் சென்னைக்குப் புறப்படுகையில், இந்தப் பக்கத்தை மடித்து அவர் கையில் கொடுங்கள். சென்னையில் வாழும் வாசகர்களோ, வருபவரை இரயில் நிலையத்தில் சந்தித்து, முதல் வேளை உணவுக்கேனும் உடன் செல்லுங்கள். பெரிய நகரத்தில் முதல் நாளன்று தனியே உண்ணும் சோறு எளிதில் தொண்டையில் இறங்குவதில்லை.